ஐந்து ஓட்டுப் போட்டவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இடையே நடக்கப்போகும் வாலிபால் நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் செல்போனில் ஓட்டுப் போட்டு அணியைத் தேர்ந்தெடுத்தது, தர்மபுரி பக்கம் ஆறு இடத்தில் ஐந்தை ஒரே ஊர் அள்ளிக்கொண்டு போனது, அதைப் பார்த்து அமைப்பாளர்கள் ஐந்து பேரையும் நீக்கிவிட்டு இனிமேல் ரசிகர் ஓட்டே கிடையாது, கமிட்டிதான் முடிவு செய்யும் என்று அறிவித்தது, எல்லாம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்திருந்தது. தலைப்பில் ‘கள்ள ஓட்டு’ என்று போட்டிருந்தீர்கள். அந்த ஊர் எங்கள் ஊர். அந்த ஓட்டுகளில் ஐந்து நான் போட்டது. அதனால் இந்தக் கடிதத்தை வாக்குமூலமாக வைத்துக்கொண்டாலும் சரி, வாசகர் கடிதமாக வைத்துக்கொண்டாலும் சரி, முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு லிங்க் வந்தது. அதில் ஆறு பேரை டிக் அடித்து, போன் நம்பர் போட்டால் ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால் ஓட்டு விழுந்துவிடும். ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான் கணக்கு. எங்கள் ஊர்ப் பையன்கள் மூன்று நாள் தூங்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவர் போனையெல்லாம் வாங்கினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் ஏரிக்கரையில் வரிசையாகப் பையை வைத்திருப்பார்களே, அங்கே போய் ஒவ்வொரு பையிலிருந்தும் பட்டன் போனை எடுக்கச் சொல்லி, “ஆயா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு ஆயா மட்டும் கடைசி வரை சொல்லவே இல்லை. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாது என்று போனிலேயே சொல்கிறார்களாம், பேரனே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டாளாம். ஊரிலேயே சட்டத்தை மதித்தது அவள் ஒருத்திதான். நான் என் இரண்டு சிம், வீட்டுக்காரம்மா நம்பர், மருமகள் நம்பர், அப்புறம் அலமாரியில் சும்மா கிடந்த பழைய நோக்கியாவைச் சார்ஜ் போட்டு அதிலும் ஒன்று, ஆக மொத்தம் ஐந்து. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிய பி.டி. வாத்தியார் செய்கிற வேலையா இது என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

ஆனால் ஐந்து பையன்களையும் கூண்டோடு தூக்கியதும், ஓட்டையே ரத்து செய்ததும் சரியில்லை. இதை என் ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை (கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்). இதே கதை அச்சு அசலாக அமெரிக்காவில் 1957-ல் நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் மகள் ஓஹையோ ஆற்றங்கரையில் சின்சினாட்டி என்கிற ஊரில் இருக்கிறாள். பேரன் பிறந்த சமயம் ஆறு மாதம் அங்கே போய் இருந்தோம். குளிரில் வெளியே போக முடியாது, களிக்கு வழியில்லை, பேச ஆளில்லை. வெயில் வந்த பிறகு காலை நடையில் ஒரு பெரியவர் பழக்கமானார். என்னை மாதிரியே பள்ளிக்கூடத்து ஆள், பேஸ்பால் பைத்தியம். சின்ன வயதில் அப்பாவோடு அடுப்படி மேசையில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக வாக்குச்சீட்டு நிரப்பிய கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த ஊர் இங்கிலீஷ் பாதிதான் புரியும், மீதியை மகள் புரியவைத்தாள். சாஃப்ட்பால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதால் ஆட்டம் புரியாமல் போகவில்லை.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் பெரிய பேஸ்பால் லீக் இரண்டு. நேஷனல் லீக் 1876-ல் தொடங்கியது, அமெரிக்கன் லீக் 1901-ல் போட்டிக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒரு லீக்குக்கு எட்டு அணி. இந்த லீக் அணியும் அந்த லீக் அணியும் சீசனில் மோதவே மாட்டார்கள். வருஷக் கடைசியில் இரண்டு சாம்பியன்கள் மோதுவார்கள், நடுவில் ஜூலையில் இரண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களும் சேர்ந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடுவார்கள், அதற்குப் பெயர் ஆல் ஸ்டார் கேம். ஆகவே அது வெறும் காட்சி ஆட்டம் இல்லை, மானப் பிரச்சினை. 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து வந்த தர்மபுரியும், 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து போன கிருஷ்ணகிரியும் பங்காளிகளாக நின்று வாலிபால் ஆடினால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்த ஆட்டத்தை 1933-ல் ஆரம்பித்து வைத்ததே ஒரு பத்திரிகைக்காரர்தான், சிகாகோ டிரிபியூன் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட். சிகாகோவில் அந்த வருஷம் உலகக் கண்காட்சி நடந்தது, அதோடு சேர்த்து ஒரு முறை நடத்தலாம் என்று செய்தது, ஜனங்களுக்குப் பிடித்துப்போய் வருஷா வருஷம் ஆகிவிட்டது. முதல் ஆட்டத்துக்கே பத்திரிகையில் வாக்குச்சீட்டு அச்சிட்டு ரசிகர்களைக் கேட்டார்கள். பிறகு சில வருஷம் மேனேஜர்கள் (பேஸ்பாலில் அணியை ஆட வைக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள்) தேர்வு செய்தார்கள், 1947-லிருந்து மறுபடி ரசிகர்கள் கையில். பந்து வீசுகிற பிட்சரை மட்டும் மேனேஜர் எடுப்பார், மற்ற எட்டு இடத்துக்கும் ரசிகர் ஓட்டு. ஒருவர் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் அனுப்பலாம், கேட்பாரில்லை.

1957-ல் ஓட்டு எண்ணி முடித்தபோது நேஷனல் லீக்கின் எட்டு இடத்தில் ஏழு இடம் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்குப் போயிருந்தது. முதல் பேஸில் (பேஸ் என்றால் அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடம்; மூன்றையும் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு ரன்) செயின்ட் லூயிஸ் அணியின் ஸ்டான் மியூசியல் ஒருவர்தான் தப்பித்தார். முந்தைய வருஷமே ஐந்து பேரை அனுப்பி ருசி கண்ட ஊர் அது. விசாரித்ததில், வந்த சீட்டில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஊரிலிருந்து வந்தது தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டிய இடம் எது தெரியுமா ஆசிரியர் அவர்களே, அந்த ஊர்ப் பத்திரிகை சின்சினாட்டி என்குவயரர், ரெட்ஸ் வீரர்களின் பெயரை முன்கூட்டியே குறித்து, அப்படியே தபாலில் போட்டால் போதும் என்கிற மாதிரி வாக்குச்சீட்டை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வைத்து விநியோகித்தது. சீட்டு நிரப்பினால்தான் சரக்கு என்று சில பார்களில் சொன்னார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. அதன் முன்னால் எங்கள் டீக்கடைப் பெஞ்செல்லாம் ஒன்றுமே இல்லை.

அப்போது பேஸ்பால் கமிஷனர் ஃபோர்டு ஃப்ரிக். அவரும் முன்னாள் பத்திரிகையாளர்தான். பத்திரிகைக்காரர் ஆரம்பித்ததைப் பத்திரிகை கெடுத்தது, பத்திரிகையிலிருந்து போனவரே வந்து பஞ்சாயத்துப் பண்ணினார். அவர் என்ன செய்தார் என்று நம் அமைப்பாளர்கள் தயவுசெய்து பார்க்க வேண்டும். ஏழு பேரையும் தூக்கவில்லை. ஊர் மேல் கோபம், அதனால் அந்த ஊர் ஆளே வேண்டாம் என்று போகவில்லை. ஒவ்வொரு இடமாகப் பார்த்து, சென்டர் ஃபீல்டில் கஸ் பெல், ரைட் ஃபீல்டில் வாலி போஸ்ட் என்ற இரண்டு பேரை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸின் வில்லி மேஸையும், மில்வாக்கி பிரேவ்ஸின் ஹாங்க் ஆரனையும் போட்டார். இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு நட்சத்திர அணி என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த சீசன் முடிவில் ஆரன் அடித்த ஹோம் ரன் 44, நம் கிரிக்கெட் கணக்கில் சிக்ஸர் மாதிரி. போஸ்ட் அடித்தது 20. மீதி ஐந்து ரெட்ஸ்காரர்களும் அப்படியே ஆடினார்கள். அதில் லெஃப்ட் ஃபீல்டில் நின்ற இளைஞன் ஃபிராங்க் ராபின்சன், பின்னாளில் பெரிய லீக் அணி ஒன்றுக்கு மேனேஜரான முதல் கறுப்பினத்தவர். சின்சினாட்டி மைதான வாசலில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், நானே பேரனோடு அதன் முன் நின்று போட்டோ எடுத்தேன். ஓட்டு கூடுதலாக விழுந்தது என்பதற்காக ஆள் மட்டம் என்று ஆகிவிடாது. எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் அந்த இடத்துக்குத் தகுதி இல்லை என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன், பெயர் சொன்னால் ஊரில் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். மற்ற மூன்று பேர் மாவட்டத்தில் எந்த கோர்ட்டில் இறக்கினாலும் நிற்பார்கள்.

அடுத்து அந்த ஆட்டம். 1957 ஜூலை 9, செயின்ட் லூயிஸ். நீக்கிய பெல்லை ஃப்ரிக் வீட்டுக்கு அனுப்பவில்லை, எக்ஸ்ட்ரா ஆளாக அணியிலேயே இருந்தார். ஏழாவது இன்னிங்ஸ் வரை (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) நேஷனல் லீக்குக்கு ஒரு ரன்கூட இல்லை, அமெரிக்கன் லீக் மூன்று ரன் முன்னால். மேஸ் அடித்து பேஸில் நிற்கிறார், ரெட்ஸ் விக்கெட் கீப்பர் மாதிரி கேட்சராக ஆடும் எட் பெய்லியும் அடித்து நிற்கிறார். இப்போது ராபின்சனுக்குப் பதிலாக யாரை இறக்கினார்கள் தெரியுமா? கஸ் பெல்லை. அவர் அடித்த அடியில் தான் இரண்டாம் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார், இரண்டு பேரும் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார்கள். அதாவது பெல்லின் இடத்தைப் பிடித்த மேஸ், பெல்லின் அடியிலேயே ரன் எடுத்தார். ‘கள்ள ஓட்டில் வந்தவன்’ என்று தேசம் முழுக்கப் பேசிய ஆள்தான் அன்றைக்கு நேஷனல் லீக்குக்கு முதல் ரன்களைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் அமெரிக்கன் லீக் இன்னும் மூன்று ரன் எடுத்து 6-2 என்று கொண்டுபோய்விட்டது. அதில் கடைசி ரன்னை அடித்துக் கொண்டுவந்தவர் மினி மின்யோசோ, கியூபா நாட்டுக்காரர், டெட் வில்லியம்ஸுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் இறங்கிய எக்ஸ்ட்ரா ஆள். நேஷனல் லீக் விடவில்லை. மேஸ் மூன்றாம் பேஸ் வரை ஓடுகிற மாதிரி ஓர் அடி, ஒரு ரன், அப்புறம் தப்பான வீச்சில் மேஸே ஓடி வந்து இன்னொன்று. பெல் மறுபடி வந்தார், நான்கு தப்புப் பந்தில் சும்மாவே முதல் பேஸ் கிடைத்தது. எர்னி பேங்க்ஸ் அடித்தார், ஐந்தாவது ரன் வந்துவிட்டது, ஸ்கோர் 6-5. அந்த அடியில் பெல் முதல் பேஸிலிருந்து இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதுக்கே ஓடினார், லெஃப்ட் ஃபீல்டிலிருந்து மின்யோசோ எறிந்த பந்து முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தது, அவுட். அடுத்து கில் ஹாட்ஜஸ் ஓங்கி அடித்த பந்தும் நேராக மின்யோசோ கையில். ஆட்டம் முடிந்தது, அமெரிக்கன் லீக் வெற்றி.

அந்தப் பெரியவர் இதைச் சொல்லும்போது மூன்றாம் பேஸுக்கு ஓடியது தேவையா இல்லையா என்று அறுபது வருஷம் கழித்தும் தன்னோடே வாதாடிக்கொண்டிருந்தார். தேவையில்லை என்பது என் கட்சி. இரண்டாவதில் நின்றிருக்கலாம். சரி, அதை விடுங்கள்.

ஃப்ரிக் செய்ததில் நான் ஒத்துக்கொள்ளாத பாதி ஒன்று இருக்கிறது. அணியைத் திருத்தியதோடு நிற்காமல், அடுத்த வருஷத்திலிருந்து ரசிகர்களிடம் ஓட்டையே பிடுங்கிவிட்டார். 1958-லிருந்து ஆட்டக்காரர்கள், மேனேஜர்கள், பயிற்சியாளர்களே தேர்வு செய்தார்கள். ஒரு ஊர் செய்த சேட்டைக்கு நாடு முழுக்க இருந்த ரசிகர்கள் 1970 வரை காத்துக் கிடந்தார்கள். அன்றைக்குப் பத்து வயதில் சீட்டு நிரப்பிய பையனுக்கு மறுபடி ஓட்டு வரும்போது மீசை முளைத்து வேலைக்கே போயிருப்பான். பாஸ்டனிலும் செயின்ட் லூயிஸிலும் ஒழுங்காக ஒரே ஒரு சீட்டு அனுப்பியவன் என்ன பாவம் செய்தான்? அதேதான் இங்கேயும். அரூரிலும் ஊத்தங்கரையிலும் ஒரு நம்பரில் ஒரு ஓட்டுப் போட்டவர்களுக்கும் சேர்த்து எங்கள் ஊருக்கான தண்டனை.

திருந்திவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. 2015-ல் ஓட்டு முழுக்க ஆன்லைனுக்குப் போனது, ஒரு மின்னஞ்சலுக்கு 35 ஓட்டு. இந்த முறை கன்சாஸ் சிட்டி ரசிகர்கள் இறங்கினார்கள். ஒரு கட்டத்தில் அமெரிக்கன் லீக்கின் ஒன்பது இடத்தில் (பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் இறங்குகிறவரையும் சேர்த்து) எட்டில் அவர்கள் ஆட்களே முன்னணி. நிர்வாகம் சந்தேகமான ஓட்டுகள் ஆறு கோடிக்கு மேல் கழித்தது, ஓட்டெடுப்பை நிறுத்தவில்லை. மற்ற ஊர் ரசிகர்களும் விழித்துக்கொண்டு ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள், கடைசியில் கன்சாஸ் சிட்டிக்கு நான்கு இடம்தான் நின்றது. அந்த வருஷம் ஆட்டம் நடந்த ஊர் எது என்று கேட்டால் சிரிப்பீர்கள். சின்சினாட்டி.

என்னைக் கேட்டால் நம் அமைப்பாளர்கள் 2015-ஐப் பார்க்க வேண்டும், 1958-ஐப் பார்க்கக் கூடாது. எந்த ஏரியாவிலிருந்து எத்தனை ஓட்டு என்று தினமும் சாயங்காலம் வெளியில் போட்டிருந்தால் இரண்டாம் நாளே பென்னாகரமும் காரிமங்கலமும் முழித்துக்கொண்டிருக்கும், எங்கள் பையன்கள் பாச்சா பலித்திருக்காது. பாதி இடத்துக்கு ரசிகர் ஓட்டு, பாதிக்குக் கமிட்டி என்றும் வைக்கலாம். நான் இன்னொரு யோசனைகூட வைத்திருந்தேன், தர்மபுரிக்காரர்கள் கிருஷ்ணகிரி அணிக்கும் அவர்கள் நம் அணிக்கும் ஓட்டுப் போட்டால் ஊர்ப் பாசமே இருக்காதே என்று. “எதிர் டீமுக்கு எவனாவது நல்ல ஆளா பாத்துப் போடுவானா, நொண்டியா பாத்துப் போடுவான்” என்றாள் வீட்டுக்காரம்மா. முப்பத்திரண்டு வருஷ அனுபவம் அந்த இடத்தில் அடிபட்டுப் போனது.

உங்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. ‘கள்ள ஓட்டு’ என்ற வார்த்தைக்கு நம் ஊரில் ஒரு அர்த்தம் இருக்கிறது, செத்தவர் பெயரில் போடுவது, அடுத்தவர் பெயரில் போடுவது. இங்கே போனும் உயிரோடு இருக்கிறது, போன்காரரும் உயிரோடு இருக்கிறார். ஏரிக்கரைப் பெண்களுக்கு யாருக்கு ஓட்டு என்று தெரியாமலே ஓட்டு விழுந்தது தப்பு, பெரிய தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அது ஓட்டு சேகரித்த எங்கள் தப்பு. ஆடுகிற பையன் அதில் என்ன செய்தான்?

ஐந்து பேரில் ஒருவன் செட்டர். காலையில் நாலு மணிக்கு அப்பாவோடு தக்காளிக் கூடை ஏற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கோர்ட்டுக்கு வந்துவிடுவான். கோர்ட் என்றால் களத்துமேடு, மூங்கில் கம்பம், மீன் வலை மாதிரி ஒரு நெட். அவன் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற அழகு, விரல் பட்டதே தெரியாது, நெட்டுக்கு ஒரு ஜாண் தள்ளி நிற்கிற மாதிரி வந்து நிற்கும், அடிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். லிங்க் வந்த மூன்று நாளும் அவன் சந்தையில் இருந்தான், அவனிடம் டச் போன்கூடக் கிடையாது. செய்தி வந்த மறுநாள் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் யாரோ அவனைப் பார்த்து “ஓ.டி.பி. வந்துச்சா” என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து களத்துமேட்டுப் பக்கம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். “வேணாம் சார், ஊர்ல எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றான், கூடையைத் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்கவில்லை. அவனிடம் கஸ் பெல் கதையைச் சொன்னேன். கடைசியில் அவுட் ஆனதையும் மறைக்காமல் சொன்னேன். “ரெண்டாவதுலயே நின்னிருக்கணும் சார்” என்றான்.

ஆகவே கேட்பது இரண்டே. அமைப்பாளர்கள் அந்த ஐந்து பேரையும் கோர்ட்டில் இறக்கிப் பார்த்து, தேறுகிறவர்களை எடுக்கட்டும், ஆரம்ப ஆறில் இடம் இல்லை என்றால் எக்ஸ்ட்ராவிலாவது உட்கார வைக்கட்டும். நீங்கள் முதல் செய்தியைப் போட்ட அதே அளவில், தப்பு பையன்கள் மேல் இல்லை, ஓட்டு சேகரித்த எங்களைப் போன்றவர்கள் மேல் என்று ஒரு செய்தி போடுங்கள்.

என் கணக்கை நான் நேர் செய்துவிட்டேன். நேற்று அமைப்பாளர்கள் அலுவலகத்துக்குப் போய், ஐந்து நம்பரையும் எழுதி, இரண்டாவது சிம், வீட்டுக்காரம்மா நம்பர், மருமகள் நம்பர், நோக்கியா நம்பர், இந்த நான்கையும் கழித்துக்கொள்ளும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேசையில் இருந்த பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மாவுடையதை எதற்குக் கழிக்க வேண்டும், அவர்கள் விரும்பித்தானே போட்டிருப்பார்கள் என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.